பூஜையில் வைத்த பூட்டு

என் கார் திருடு போனது ஆயுத பூஜை அன்று பிற்பகலில். அப்போது நான் அதற்கு ஆறடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு எப்படி என்று கேட்கிறார்கள். எப்படி என்பதை எழுதிவைத்துவிட்டால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் முட்டாள் இல்லை என்று நிரூபிப்பதற்காகத்தான் உட்கார்ந்தேன். அது நடக்கும் என்று தோன்றவில்லை.

அதைக் கார் என்று சொன்னால் என் மனைவி ஒப்புக்கொள்ள மாட்டாள். தகரம் என்பாள். இளம் பச்சை நிறம், உருண்டை விளக்குகள், இரண்டே கதவுகள், என்னைவிட நான்கு வயது மூத்தது. ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் அப்பா டிரஸ்ஸராக இருந்தார். அதாவது, தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வருவார், மற்ற ஆறு நாளும் அப்பாதான் டாக்டர். தோட்டத்து மானேஜர் ஊரைவிட்டுப் போகும்போது அந்தக் காரை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அப்பா காலமானதும் நான் அதைக் கிள்ளானில் இருக்கும் என் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன்.

எனக்கு ஒரே ஒரு அக்கா. ஓய்வு பெற்ற ஆசிரியை, பிரிக்ஃபீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். அங்கே அவளுக்குக் கார் நிறுத்த ஒரே இடம், அதில் அவளுடைய சின்னக் கார் நின்றது. ஆகவே அப்பாவின் கார் எனக்கு என்பது தானாகவே முடிவானது. தானாகவே என்றால், நானாகவே.

நான் துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தவன். பூட்டு, சீல், கதவு, கேமரா இவைதான் என் பிழைப்பு. மனிதர்களைப் பார்த்தால் இவன் எதை எடுக்க வந்திருக்கிறான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். சுபாங் ஜெயாவில் எனக்குத் தெரிந்த ஒருவரின் பழைய காரைப் பட்டப்பகலில் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சங்கிலி மாட்டித் தூக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் 'மெதுவா, மெதுவா' என்று உதவி வேறு செய்திருக்கிறார். அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

முதலில் ஸ்டீரிங்குக்கு மஞ்சள் இரும்புத் தடி வாங்கினேன். பிறகு பின் சக்கரத்தில் சங்கிலி கோத்து வாசல் தூணோடு கட்டினேன். தூணையே பெயர்த்துக்கொண்டு போனால் என்ன செய்வாய் என்று மனைவி கேட்டாள். அவள் கிண்டலாகக் கேட்டது எனக்கு நியாயமான கேள்வியாகப் பட்டது, தூணின் அடியில் சிமெண்ட் போட்டேன். கேட்டுக்கு இரண்டு பூட்டு. 'நாய் ஜாக்கிரதை' என்று மலாயில் ஒரு பலகை, நாய் கிடையாது. சீட்டுக்கு அடியில் ஒரு டிராக்கர், கார் எங்கே இருக்கிறது என்று கைப்பேசியில் காட்டும். கார் எப்போதும் வீட்டில்தான் இருக்கும், ஆனாலும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது திறந்து பார்ப்பேன்.

இத்தனைக்கும் மேலே ஒன்று உண்டு, அது அப்பாவிடமிருந்து வந்தது. பழைய கார்களில் எஞ்சின் பக்கத்தில் ஒரு மூடிக்குள் ரோட்டார் என்று ஒன்று இருக்கும். கட்டைவிரல் அளவுதான். அதைக் கழற்றிவிட்டால் எஞ்சின் என்ன செய்தாலும் உயிர் பெறாது. அப்பா வேலை முடிந்து வந்ததும் ரோட்டாரைக் கழற்றித் தெர்மாமீட்டரோடு சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். யாருக்காவது காய்ச்சல் என்று ஓடினால் சில சமயம் ரோட்டாரை எடுத்து உதறுவார். நானும் பன்னிரண்டு வருடமாக அப்படியே கழற்றி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் காரை வெளியே எடுப்பேன். எல்லாப் பூட்டையும் திறக்க இருபது நிமிடம், பேட்டையை ஒரு சுற்றுச் சுற்ற ஐந்து நிமிடம், மறுபடி பூட்ட அரை மணி. மனைவியை ஏற்றுவதில்லை, சீட்டு உறை கசங்கும். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

ஆயுத பூஜைக்கு இரண்டு மாதம் முன்பு அக்கா போன் செய்தாள்.

"டேய் தம்பி, கண்ணு டாக்டர்ட்ட போய்ட்டு வந்தேன்."

"என்னாச்சுக்கா?"

"நேரா தெரியுது. ரெண்டு ஓரமும் சுருங்கிட்டு வருதாம். இப்ப பகல்ல ஓட்டலாம், வருஷக் கடைசியோட நிறுத்திடுங்கன்னு சொல்லிட்டாரு. எப்படியும் நிறுத்தப் போறதுதானே, என் காரக் குடுத்துட்டேன். இனிமே டிரெயின்தான்."

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அவள் அதைக் கேட்க போன் செய்யவில்லை.

"அதுக்கு முன்னாடி அப்பா கார ஒரே ஒரு தடவ ஓட்டணும்டா. ஜெஞ்சாரோம் வரைக்கும் போய்ட்டு வந்தா போதும்."

"பாக்கலாம்க்கா. பிரேக் கொஞ்சம் சரியில்ல."

பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. அடுத்த வாரம் கேட்டாள், டயர் தேய்ந்துவிட்டது என்றேன். அதற்கடுத்த முறை, அந்த ரோட்டில் மண் லோரிகள் கண்மண் தெரியாமல் வருகின்றன என்றேன். அது மட்டும் உண்மை. நான் பொய் சொல்கிறவன் இல்லை, காரைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் வாயில் பொய் வந்து நிற்கும். அக்காவுக்குக் கண் போகிறது என்ற கவலையைவிட, கியர் போடும்போது க்ளட்சைத் தேய்த்துவிடுவாளோ என்ற கவலைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது அப்பா. தோட்டத்துச் செம்மண் ரோட்டில், மாலை ஐந்து மணிக்கு, அந்தக் காரில். நான் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வயது வந்தபோது அப்பா முதல் நாளே என்னை இறக்கிவிட்டார், நான் காரைக் கால்வாயில் இறக்கியிருந்தேன். பிறகு நான் கிள்ளானில் டிரைவிங் ஸ்கூலில் யாரோ ஒருவரிடம் கற்றுக்கொண்டேன். இது எனக்குள் இத்தனை வருடம் இருந்தது என்பதே ஆயுத பூஜை அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் வீட்டு ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டில் வேலைக்குப் பயன்படும் எல்லாக் கருவிகளையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்குவோம். அடுக்கியதை மறுநாள் விஜயதசமி பூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. கருவிக்கு ஒரு நாள் ஓய்வு. இந்த விஷயத்தில் என் மனைவி அசைந்து கொடுக்க மாட்டாள். அரிவாள்மனை, தையல் மிஷின், கத்தரிக்கோல், மகனின் பழைய கால்குலேட்டர் எல்லாம் போகும். முதல் நாளே காய் நறுக்கி வைத்துவிடுவாள்.

நான் வேலையை விட்டு நின்ற வருடம், உங்கள் ஆயுதம் என்ன என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். பூட்டுதான். மஞ்சள் தடியை மட்டும் வைத்தேன், சங்கிலியை வைக்கவில்லை. அந்த வாரமே சங்கிலி தடுக்கி விழுந்து முழங்கை வீங்கியது. "ஒண்ண வச்சு ஒண்ண விட்டா இப்படித்தான்" என்றாள் அவள். அடுத்த வருடத்திலிருந்து எல்லாவற்றையும் வைத்தேன். மஞ்சள் தடி, சங்கிலி, கேட்டின் இரண்டு பூட்டு, ரோட்டார், சாவிக்கொத்து, டிராக்கர். டிராக்கரும் ஆயுதம்தானே. அதன் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன்.

ஆக வருடத்தில் ஒரு நாள் என் கார் எந்தக் காவலும் இல்லாமல் நிற்கும். அன்று முழுவதும் நானே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். என்னைப் பூஜையில் வைக்க முடியாது அல்லவா.

அன்று காலை காரைக் கழுவி, விபூதிப் பட்டை போட்டு, முன்னும் பின்னும் பம்பரில் பொட்டு வைத்து, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். மூக்கு ரோட்டைப் பார்க்கும்படி நிறுத்தினேன், எப்போதும் அப்படித்தான். பிறகு ரோட்டாரைக் கழற்றிப் பூஜையில் வைத்தேன். பத்து மணிக்கு அக்கா டிரெயினில் வந்து இறங்கினாள். கையில் அவளுடைய பெரிய கறுப்புக் கைப்பை, பள்ளிக்கூடத்தில் வேலை செய்த காலத்திலிருந்து அதே பை.

"நீ எதுவும் வைக்கலையாக்கா?" என்று பூஜை அறையில் கேட்டேன்.

"என்னோடது பைக்குள்ள இருக்கு. அது இன்னிக்கு வேணும்டா" என்றாள்.

மூக்குக் கண்ணாடியைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பிடும்போது மறுபடி கேட்டாள். இந்த முறை எனக்குப் பொய்யே தேவைப்படவில்லை. "இன்னிக்கு எப்படிக்கா? ரோட்டார் பூஜைல இருக்கே. தொடக்கூடாதே" என்றேன். கடவுளே எனக்காகச் சாட்சி சொல்ல வந்ததுபோல் இருந்தது. அக்காவும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரிடா, சாமிய மீற முடியுமா" என்று சொல்லி அக்கா எனக்குப் பாயசம் ஊற்றினாள். குடித்து முடித்ததும் மறுபடி ஊற்றினாள். நான்காவது கிண்ணத்தில்தான் போதும் என்றேன். அன்பு என்று நினைத்தேன்.

வாசலில் போய் உட்கார்ந்தேன். வெயில், வயிறு நிறையச் சாப்பாடு, மின்விசிறிச் சத்தம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின் பம்பரில் இருந்த குங்குமப் பொட்டு இரண்டாகத் தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

விழித்தபோது எனக்கு எதிரே நான்கு நசுங்கிய எலுமிச்சம்பழங்கள் இருந்தன. நடுவில் தரை இருந்தது. கேட் விரியத் திறந்திருந்தது.

நான்கு கிண்ணம் பாயசத்தோடு துள்ளி எழுந்தேன். உள்ளே ஓடினேன். மனைவி சோபாவில் உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கார் போச்சு."

"அப்படியா? நல்லா தேடுனீங்களா?"

கார் என்ன மூக்குக் கண்ணாடியா என்று கத்தினேன். அக்கா எங்கே என்று கேட்டேன். "அவங்க அப்பவே கெளம்பிட்டாங்க" என்றாள், பூவிலிருந்து கண்ணை எடுக்காமல். அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. டிரெயினில் இருப்பாள் என்று நினைத்தேன். அவளாவது இந்தக் கண்றாவியைப் பார்க்காமல் போனாளே என்று ஒரு நிம்மதிகூட வந்தது.

டிராக்கர் ஞாபகம் வந்தது. கைப்பேசியைத் திறந்தேன். பச்சைப் புள்ளி அசையாமல் நின்றது. 'உங்கள் வாகனம் வீட்டில் பத்திரமாக உள்ளது.' என் கண்ணை நம்புவதா கைப்பேசியை நம்புவதா என்று தெரியாமல் ஒரு நிமிடம் நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பூஜை அறைக்குள் எட்டிப் பார்த்தேன். குங்குமப் பொட்டோடு டிராக்கர் சரஸ்வதியின் காலடியில் இருந்தது. பக்கத்திலேயே மஞ்சள் தடி, சங்கிலி, பூட்டுகள், ரோட்டார். ஒன்றுகூடக் குறையவில்லை.

ரோட்டார் இல்லாத காரை ஓட்ட முடியாது. ஆகவே லோரியில்தான் ஏற்றியிருக்கிறார்கள். போலீஸ் பாலாய்க்குப் போய்ப் புகார் கொடுக்க வேண்டும். ரோட்டில் நின்ற என் அன்றாடக் காரின் சாவியும் பூஜையில் இருந்த சாவிக்கொத்தில்தான் இருந்தது. கை நீட்டினேன். "தொட்டா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று மனைவியின் குரல் கேட்டது.

பக்கத்து வீட்டுச் சீன அங்கிளிடம் ஓடினேன். ஜெஞ்சாரோமில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடிக் கற்ற தமிழில் பேசுவார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. என் துக்கத்தைப் பார்த்துத்தான் என்று நினைத்தேன்.

"இப்பவே ரிப்போட் போடணுமா பாஸ்? காப்பி குடிச்சிட்டு போலாம் லா."

காப்பியா என்றேன். அவர் மெதுவாகச் சட்டை மாற்றினார். மெதுவாகக் காரை எடுத்தார். பெட்ரோல் போட நின்றார். டயருக்குக் காற்று அடித்தார். எனக்குத் தெரிந்த குறுக்கு வழி எல்லாவற்றையும் விட்டுவிட்டு பாலம் சுற்றிப் போனார். பத்து நிமிட தூரத்துக்கு முக்கால் மணி ஆனது. வழியெல்லாம் நான் லோரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன், தார்ப்பாய் போட்ட ஒவ்வொரு லோரிக்கு உள்ளேயும் என் கார் இருந்தது.

பாலாயில் இருந்த சார்ஜன் நம்மவர், இளைஞர், மிகவும் பொறுமைசாலி.

"அங்கிள், ஸ்டீரிங் லாக் போட்டிருந்தீங்களா?"

"எப்பவும் போடுவேன். இன்னிக்கு சாமி ரூம்ல இருக்கு."

"கேட் பூட்டு?"

"சாமி ரூம்ல."

"எஞ்சின்ல ஏதோ கழட்டி வைப்பேன்னீங்களே?"

"அதுவும் சாமி ரூம்லதான்."

"டிராக்கர் இருக்குன்னீங்க. கார் எங்க காட்டுது?"

"சாமி ரூம்ல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப காரு ஒண்ணதான் வெளிய விட்டு வச்சிருக்கீங்க" என்றார். சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் எனக்குக் கோபித்துக்கொள்ளவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

"சரி, கெரான் காப்பி குடுங்க அங்கிள்."

கெரான் என்றால் வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லும் அட்டை. என் பிளாஸ்டிக் ஃபைலிலிருந்து அதன் நகலை எடுத்து, பெயர் இருக்கும் பக்கம் கீழே வரும்படி நீட்டினேன். மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வருடமும் சாலை வரி கட்டும்போது அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் மடித்து வைத்துவிடுவேன்.

"இது யாரு அங்கிள்?"

"என் அக்கா."

"கார் அவங்களுதா?"

"அப்பாவோடது. அரசாங்கத் தாள் எல்லாம் அக்காதான் நிரப்புவா, அதான் அவ பேர்ல..."

"அக்காவ கேட்டீங்களா?"

அவர் அக்காவின் எண்ணைக் கேட்டு வாங்கி, மேசைத் தொலைபேசியில் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். வகுப்பில் பேசும் குரல்.

"ஆமா சார்ஜன், கார் என்கிட்டதான் இருக்கு. பத்திரமா இருக்கு. ஓட்டிக்கிட்டிருந்தேன், அதான் போன் எடுக்கல. ஓட்டும்போது பேசக்கூடாதில்ல."

"ரோட்டார் இல்லாம எப்படிக்கா ஓட்டுன?" என்று நான் மேசைமேல் சாய்ந்து கத்தினேன்.

"நீயும் அங்கதான் இருக்கியா? அப்பா எனக்கு ஒண்ணு ஸ்பேர் குடுத்திருக்காருடா. சாவியும் ஒண்ணு. நான் லைசென்ஸ் எடுத்த அன்னிக்கு குடுத்தது. பைக்குள்ளயேதான் இருக்கு."

சார்ஜன் இணைப்பைத் துண்டித்துவிட்டு நகலை என் பக்கம் தள்ளினார். "அங்கிள், ஓனர்ட்ட கார் இருக்கு. இதுல காணாமப் போனது என்ன? அவங்க வந்து ரிப்போட் போட்டாலாவது..." என்று தொடங்கி, என் வயதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நிறுத்தியதை நானே முடித்துக்கொண்டேன். பன்னிரண்டு வருடமாக அவள் காரைத்தான் நான் பூட்டி வைத்திருந்தேன்.

வெளியே வந்ததும் சீன அங்கிள் கார் கதவைத் திறந்துவிட்டார்.

"கோவப்படாத பாஸ். நான்தான் தள்ளுனேன்."

"எதத் தள்ளுனீங்க?"

"கார்தான். சத்தம் கேட்டா நீ முழிச்சிப்ப லா. உங்க அக்கா ஸ்டீரிங் புடிச்சா, நானும் உன் வைஃபும் தள்ளி ரோட்டுக்கு வுட்டோம். ரோட்டு முனைல போயி ஸ்டாட் பண்ணுச்சு. ரெண்டு மணி நேரம் உன்ன புடிச்சி வைக்க சொல்லிச்சு உன் வைஃப். நான் எவ்வளவுதான் டயருக்கு காத்து அடிக்கறது?"

நான் எங்கே போக வேண்டும் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஜெஞ்சாரோமுக்கு விட்டார், இந்த முறை வேகமாக.

தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது உரம் வைக்கும் கொட்டகை இருக்கிறது. சுற்றி எண்ணெய்ப்பனை. அப்பா அக்காவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த ரோடு மட்டும் அப்படியே செம்மண்ணாகக் கிடந்தது. அதன் முனையில், இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் கார் நின்றது. இரண்டு கண்ணாடியும் இறக்கியிருந்தது. சாவி அதிலேயே தொங்கியது. அக்கா பத்தடி தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு முதலில் வந்த வார்த்தை, "சாவிய இப்படியா வுடுவாங்க?" என்பதுதான்.

"உக்காருடா" என்றாள்.

உட்கார்ந்தேன். இளநீர்க்காரர் எனக்கும் ஒன்று வெட்டினார். அங்கிள் நல்லதனமாகத் தன் காருக்குள்ளேயே இருந்துகொண்டார்.

"பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவ கூட, அக்கா நீ ஓட்டுறியான்னு நீ கேட்டதில்ல. பரவால்ல, தம்பிக்கு ஆசைன்னு விட்டுட்டேன். இப்ப நானா வாய் விட்டு கேட்டேன். பிரேக்குன்ன. டயருன்ன. லோரின்ன. கடைசில சாமின்ன."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன். பதிலாக, ஐம்பத்தொன்பது வயது ஆள் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன்.

"அப்பா உனக்குத்தானே சொல்லிக் குடுத்தாரு. எனக்கு குடுக்கலையே."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஓரம் தெரியாததால் இப்போதெல்லாம் முழு முகத்தையும் திருப்பித்தான் பார்க்கிறாள். "நீ கால்வாய்ல வுட்டியேடா" என்றாள். பிறகு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்தது. எனக்கு இந்த அக்காவை ரொம்பப் பிடிக்கும். அதைக் கார் மறைத்துக்கொண்டு நின்றது.

"வீட்டுக்கு போனதும் சாவி, ரோட்டார் ரெண்டும் உனக்கே. பேரையும் மாத்திக்க. எனக்கு ஓட்டி முடிஞ்சுது" என்றாள் அவள், இளநீரைக் கீழே வைத்துவிட்டு. பன்னிரண்டு வருடமாக நான் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்தது அதுதான். கிடைத்தபோது சந்தோஷம் வரவில்லை.

திரும்பும்போதும் அவளே ஓட்டினாள். நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருடத்தில் அந்தச் சீட்டில் யாரும் உட்கார்ந்ததில்லை, உறை ஒரு கசங்கல் இல்லாமல் இருந்தது. க்ளட்சை அவள் என்னைவிட மெதுவாக விட்டாள். கியர் விழும் சத்தமே கேட்கவில்லை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் வந்த மண் லோரிகள் எல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. "போ, போ, உனக்கு என்ன அவசரமோ" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். இடப்பக்கம் மோட்டார் சைக்கிள் வந்தால் நான் சொன்னேன். அந்த வேலையை எனக்கு அவள் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் என் மனைவி நின்றாள். பூஜையில் வைத்த எதையும் அக்கா தொடவில்லை, எல்லாம் முறைப்படிதான் நடந்தது என்று என்னைப் பார்த்ததும் முதல் வேலையாகச் சொன்னாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"எறங்கி பின்னாடி நில்லுடா. கோஸ்தான் வரேன்" என்றாள் அக்கா. நாங்கள் ரிவர்ஸ் எடுப்பதை அப்படித்தான் சொல்வோம். "கேட் தூணு ரெண்டும் எனக்கு தெரியல. நீதான் சொல்லணும்."

நான் வாசலின் கடைசியில், சுவர் மூலையில் ஒதுங்கி நின்றேன். அவள் கழுத்தை முழுதாகத் திருப்பி, கண்ணாடியைப் பார்க்காமல், என்னையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தாள். அவளுக்குத் தெரிந்தது நான் மட்டும்தான். "வாக்கா, வா, லேசா வலது பக்கம், நேரா வா" என்றேன். இரண்டு தூணுக்கும் நடுவே ஒரே திருப்பில் உள்ளே வந்துவிட்டாள். நான் மூன்று தடவை முன்னும் பின்னும் ஆட்டித்தான் நுழைப்பேன். நசுங்கிய எலுமிச்சம்பழங்களைத் தாண்டி வந்தாள். என்றும் நிற்கும் இடத்துக்கு வந்தாள். நான் நில்லு என்று சொன்னால் எஞ்சினை அணைப்பாள், சாவியை எடுப்பாள், என் கையில் கொடுப்பாள், அத்தோடு அவள் ஓட்டுவது முடிந்துவிடும்.

"வா" என்றேன். "இன்னும் வா."

பின் பம்பர் சுவரில் நன்றாகவே இடித்தது. குங்குமப் பொட்டு இருந்த இடம் உள்ளே போய்விட்டது. மனைவி ஐயோ என்றாள். பக்கத்து வீட்டு அங்கிள் கேட்டுக்கு வெளியே தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அக்கா எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து நசுங்கலைத் தடவிப் பார்த்தாள்.

"நில்லுன்னு சொல்ல வேண்டியதுதானேடா?"

"மறந்துட்டேன்க்கா" என்றேன்.

நான் மறக்கவில்லை.